கடற்கரைச் சிலைகளும் நிழற்படமும்

சென்னை மாநகரில் மெரினாக் கடற்கரையை ஒட்டிச் செல்வது காமராசர் சாலை. அதன் கீழ்ப்புறத்தே சிலைகள் பல வரிசையாக நிற்கின்றன. வெளியூரினின்று வருவோர் அவற்றின் முன் நின்று தம்மைத் தாமே கைப்பேசியிற் படம் எடுத்துக்கொண்டு அகல்வர். அப்படங்களிற் சிலை பாதி மறைந்திருக்கும். யாருடைய சிலை என்பதும் புலப்படாது. சிலையையே படம் பிடிக்க விழைவார் அறிய வேண்டுவன சில உள.

முதற்கண் அறியத்தக்கது ஒளியின் போக்கு. இச்சிலைகளிற் பெரும்பாலன கடலுக்கு முதுகு காட்டிச் சாலையை நோக்கி நிற்பன. ஆதலின், காலையில் கதிரவன் அவற்றின் பின்னே எழுவான். முகம் இருண்டு, உருவம் வெறுங் கருநிழலாகப் பதியும். உச்சி வெயிலிலோ புருவத்தின் நிழல் கண்களை மூடிவிடும். வெயில் மேற்கே சாயும் பிற்பகலே ஏற்ற பொழுதாம். பீடம் உயர்ந்தது, அதன் அடியில் நின்று அண்ணாந்து எடுத்தால் பாதம் பெருத்துத் தலை சிறுத்துத் தோன்றும். சற்று விலகி நிற்றல் வேண்டும். ஆயினும், அதன்பொருட்டு வண்டிகள் விரையும் சாலையில் இறங்குதல் கூடாது.

உழைப்பாளர் சிலைக்கு ஒரு படம் போதாது. சென்னை அரசினர் கலைப் பள்ளியின் தலைவராய் விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த இவ்வெண்கலச் சிலை 1959-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. நால்வர் ஒரு பெரும்பாறையை நெம்பிப் பெயர்க்கின்றனர். முகத்தைக் காட்டிலும் முறுக்கேறிய முதுகும், மண்ணில் ஊன்றிய காலுமே அவர்தம் உழைப்பை உரைக்கும். எனவே, சுற்றிவந்து பல பக்கங்களினின்றும் எடுத்தலே தகும்.

பீடத்துக் கல்லெழுத்தைப் பலர் பொருட்படுத்துவதில்லை. அது பெருங்குறையாகும். சிலை யாருடையது, எந்நாளில் யாரால் திறக்கப்பெற்றது என்பனவற்றை எழுத்தே கூறும். நேர்வெயிலில் வெட்டெழுத்து மங்கும். வெயில் பக்கவாட்டிற் சாயுங்கால் எழுத்தின் குழியில் நிழல் தங்கித் தெளிவு பிறக்கும்.

சிலையோடு அதன் சூழலும் அடங்கத் தொலைவினின்று ஒரு படம் எடுத்தல் இன்றியமையாதது. கல்லும் உலோகமும் இடம் பெயரா எனக் கருதுதல் பொருந்தாது. 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டித் திருவள்ளுவர், ஔவையார், கம்பர், பாரதியார் முதலியோர் சிலைகளோடு கண்ணகி சிலையும் இங்கு நிறுவப்பெற்றது. சிலம்பேந்தி நின்ற அச்சிலை 2001-இல் அகற்றப்பெற்று, 2006-இலேயே மீண்டும் கடற்கரைக்கு வந்தது. அவ்வாண்டிலேயே இச்சாலையில் நிறுவப்பெற்ற நடிகர் சிவாசி கணேசனின் சிலை, போக்குவரத்தின் பொருட்டு 2017-இல் அடையாற்றிலுள்ள அவர் மணிமண்டபத்திற்குக் கொண்டு செல்லப்பெற்றது. அது காமராசர் சாலையில் நின்ற கோலத்தைக் காண விழைவார்க்கு, அக்காலத்தே எடுத்த படங்களே இன்று எஞ்சியுள்ளன.