முதல் பல்லும் முதல் ஷிப்டும்

கார் ஆலைகள் நிறைந்த ஒரகடம் பக்கம் வேலைக்குப் போகும் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு முடிவதும், அவள் குழந்தைக்கு முதல் பல் முளைப்பதும் ஏறக்குறைய ஒரே காலத்தில் வருகின்றன. மகப்பேறு சலுகைச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கான விடுப்பை 26 வாரமாக்கியது. பெரும்பாலான குழந்தைகளுக்குக் கீழ் முன்பல் எட்டிப் பார்ப்பது ஆறு மாதத்தை ஒட்டி. பல் வருகிற நேரம் பார்த்து, பிள்ளையைத் தூக்கி வைத்திருக்கும் கை மாறிவிடுகிறது. இந்த வட்டாரத்தின் அன்றையும் இன்றையும் பிரிப்பது இதுதான்.

அன்று இது ஏரித் தண்ணீரில் நெல்லும், மானாவாரிக் கொல்லையில் வேர்க்கடலையும் விளைந்த பூமி. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998-ல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ-நிஸானும் 2012-ல் டைம்லரும் ஆலை திறந்தன. இந்த ஆலைகள் வரும் முன், அம்மா நடவுக்கோ களையெடுப்புக்கோ போனால் பிள்ளை பாட்டியிடம், அதாவது ஆயாவிடம், இருக்கும். ஆயா காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் கிடத்திக் குளிப்பாட்டுவார். கையோடு விரலை வாய்க்குள் விட்டு நாக்கை வழித்து, ஈறைத் துடைத்துவிடுவார். பல் வருகிறதா என்று விரல் நுனியே சொல்லிவிடும். வளர்ந்த பிள்ளைக்கு வேப்பங்குச்சி, உமிக்கரி, பிறகு பல்பொடி. வெல்லமும் கருப்பட்டியும் உண்டு. ஆனால் நாள் முழுக்க வாயில் இனிப்பு ஊறிக்கொண்டிருக்க வழியில்லை.

அன்று நடந்ததெல்லாம் சரி என்றும் சொல்லிவிட முடியாது. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனோ சர்க்கரைத் தண்ணீரோ தொட்டு வைத்தார்கள். ஒரு வயதுக்குள் தேன் ஆபத்து என்பதை மருத்துவம் இன்று உறுதியாகச் சொல்கிறது. பல் முளைத்தால் பேதியாகும் என்று நம்பி, உண்மையான வயிற்றுப்போக்கைக் கவனிக்காமல் விட்டதும் உண்டு. பல் வரும் பருவத்தில் குழந்தை கண்டதையும் எடுத்து வாயில் வைக்கிறது. கிருமி அந்த வழியாகத்தான் போகிறது. உமிக்கரியும் செங்கல் பொடியும் பல்லைத் தேய்த்தே குறைத்தன.

இன்று லைன் வீட்டில் ஓர் அறை, ஒரு சமையல் மேடை. அப்பா இரவு ஷிப்ட், அம்மா காலை ஷிப்ட். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த குடும்பங்களுக்குப் பக்கத்தில் பாட்டியும் இல்லை. ஃப்ளோரைடு பேஸ்ட், குட்டி பிரஷ், விரலில் மாட்டும் சிலிகோன் பிரஷ் எல்லாம் மருந்துக்கடையில் கிடைக்கின்றன. அதே தெருவில் ஐந்து ரூபாய்க்கு கிரீம் பிஸ்கட்டும் கிடைக்கிறது. அழுகிற பிள்ளைக்குச் சர்க்கரை போட்ட பாலைப் பாட்டிலில் ஊற்றி வாயில் வைத்தால் தூங்கிவிடும். விடியற்காலை பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவளுக்கு அந்தத் தூக்கம் எவ்வளவு பெரிய உதவி என்பது, அவள் நிலையில் இருந்தால்தான் தெரியும். அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் கெடுதல் நடப்பது அந்தத் தூக்கத்தில்தான். தூங்கும்போது எச்சில் சுரப்பு குறைந்துவிடும். இனிப்புப் பால் மேல் முன்பற்களைச் சுற்றித் தேங்கும். கிருமிகள் அந்தச் சர்க்கரையைத் தின்று அமிலமாக்கும். கீழ்ப் பற்களை நாக்கு மூடிக் காப்பதால், சொத்தை முதலில் மேலேதான் பிடிக்கும். குழந்தையின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். ஈறை ஒட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டதுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான் ஆரம்பம். இந்த நிலையில் ஃப்ளோரைடு பூசி நிறுத்திவிடலாம். விட்டால் பழுப்பாகும், பிறகு பல் உடைந்து அடிக்கட்டை மட்டும் நிற்கும்.

அன்றும் இன்றும் மாறாத பேச்சு ஒன்று உண்டு: “விழுற பல்லுதானே!” மூன்று வயதுக்குள் முளைத்துவிடும் இருபது பால் பற்களில், கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயது வரை இருந்தாக வேண்டும். வலிக்கிற வாயோடு பிள்ளை சாப்பிடாது, தூங்காது, எடை ஏறாது. வேரில் சீழ் வைத்தால் அடியில் வளரும் நிரந்தரப் பல்லும் கெடக்கூடும். முன்கூட்டியே பிடுங்கினால், பின்னால் வரும் பல் இடமில்லாமல் கோணலாகலாம்.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். பல் வரும் முன் ஈரத்துணியால் ஈறைத் துடைக்கலாம். முதல் பல்லிலிருந்து காலையும் இரவும் பிரஷ்; மூன்று வயது வரை அரிசி மணி அளவு ஃப்ளோரைடு பேஸ்ட், பிறகு பட்டாணி அளவு. தருமபுரி போல நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு மிகுந்த ஊரிலிருந்து வந்தவர்கள் டாக்டரைக் கேட்டுக்கொள்வது நல்லது. இரவு பல் தேய்த்த பின் தண்ணீர் மட்டும். ஒரு வயது நிறைவதற்குள் பல் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிட வேண்டும். பிள்ளை திமிறினால் பெரியவர் இருவர் முழங்கால் முட்ட எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் மல்லாக்கக் கிடத்தித் தேய்க்கலாம். பல் டாக்டர்கள் சொல்லித்தரும் முறை இது; ஆயாவின் கால்மேல் குளியலுக்கு வெகு தூரமில்லை.

இதை அம்மாவின் தலையில் மட்டும் கட்டக்கூடாது. இரவு ஷிப்ட் முடித்து வரும் அப்பா காலையில் பல் தேய்த்துவிடலாம். 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இருமுறை வர வேண்டிய மருத்துவக் குழு பார்க்கும் குறைகளில் பல் சொத்தையும் ஒன்று. குழு வரும் நாளைக் கேட்டுவைத்துக் குழந்தையைக் கூட்டிப் போங்கள். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்று கொண்டுவந்ததும் அதே 2017 திருத்தம்தான். அந்தக் காப்பகத்தில் ஒவ்வொரு பிள்ளையின் பெயரெழுதிய பிரஷ் ஒன்று தொங்கட்டும். விடுப்பு முடிந்து திரும்பும் தாயிடம், பாதுகாப்பு விதிகளோடு சேர்த்துக் குழந்தையின் முதல் பல்லைப் பற்றியும் கம்பெனி நர்ஸ் பத்து நிமிடம் பேசட்டும். அவள் கையைப் பகல் முழுக்க வாங்கிக்கொள்ளும் ஆலைக்கு இது பெரிய செலவில்லை.