சிறுநீரகம் வடிகட்டி மட்டுமா?

கோட்டூர்புரம் மரப் பூங்காவில் காலை நடைக்கு வருபவர்களின் பேச்சில் "சுகர் எவ்வளவு?" என்ற கேள்விக்கு அடுத்தபடி வருவது "கிரியாட்டினின் எவ்வளவு?" என்பதுதான். "நார்மல்தான் சார்" என்று பதில் வந்துவிட்டால் பேச்சு அரசியலுக்குப் போய்விடும். ஆனால் கிரியாட்டினின் ஏறிக் கண்ணில் படுவதற்குள் சிறுநீரகத்தின் திறனில் கிட்டத்தட்ட பாதி போயிருக்கக்கூடும். அதற்கும் முன்பே வேறொன்று குறையத் தொடங்குகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். அதன் பெயர் குளோத்தோ.

1997-ல் ஜப்பானில் மகோட்டோ குரோ-ஓவும் அவருடைய குழுவினரும் ஒரு மரபணு பழுதான சுண்டெலிகளைக் கவனித்தார்கள். பிறந்து சில வாரங்களிலேயே அவை கிழடு தட்டின. தோல் மெலிந்தது, எலும்பு தேய்ந்தது, ரத்தக்குழாய்களில் சுண்ணாம்பு படிந்தது. இரண்டு மாத அளவில் செத்துப்போயின. அந்த மரபணு உண்டாக்கும் புரதம்தான் குளோத்தோ. உடலில் அது அதிகம் உருவாகும் இடம் சிறுநீரகத்தின் நுண்குழல்கள். அங்கிருந்து ஒரு பகுதி வெட்டுப்பட்டு ரத்தத்தில் கலந்து ஹார்மோன் போலச் சுற்றி வருகிறது. 2005-ல் இதை அதிகம் சுரக்கும்படி செய்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததும், 'முதுமையைத் தடுக்கும் ஹார்மோன்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அந்தப் பட்டத்தால் நோயாளிகளைவிட மாத்திரை டப்பா விற்பவர்களுக்கே லாபம் என்பது என் எண்ணம்.

இதன் முக்கிய வேலை பாஸ்பேட் கணக்கு. சாப்பாட்டிலிருந்து வரும் பாஸ்பேட் அளவுக்கு மிஞ்சினால், எலும்பு ஒரு ஹார்மோனை அனுப்பி 'சிறுநீரில் வெளியேற்று' என்று சொல்கிறது. குளோத்தோ கூட இருந்தால்தான் சிறுநீரகம் அந்த உத்தரவை ஏற்கும். குளோத்தோ குறையக் குறைய எலும்பு இன்னும் அதிகமாக அந்த ஹார்மோனைச் சுரந்து சமாளிக்கும். ஒரு கட்டத்தில் அதுவும் முடியாமல் பாஸ்பேட் ரத்தத்தில் தேங்கும். தேங்கினால், தமனிச் சுவரின் தசைச் செல்கள் எலும்புச் செல்களைப் போல நடந்துகொள்ள ஆரம்பித்துச் சுண்ணாம்பைச் சேர்க்கின்றன. சென்னை போர்வெல் குழாயில் உப்பு உள்பக்கம் படிவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே நடப்பது அப்படியல்ல, குழாயின் சுவரே இறுகிப்போகிறது.

சர்க்கரை நோயாளிகளின் காலில் இதை நேராகவே பார்க்கலாம். கணுக்காலில் பிரஷர் பட்டையைச் சுற்றி, டாப்ளர் கருவியால் அழுத்தம் பார்த்து, கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9-க்குக் கீழே வந்தால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு என்று பொருள். 1990-களின் பிற்பகுதியில் தி.நகர் பாரதி நகரிலும் திருமங்கலத்திலும் நடந்த 'கப்ஸ்' ஆய்வில் இந்த முறையில்தான் பார்த்தார்கள். சர்க்கரை உள்ளவர்களில் 6.3 சதவீதம் பேருக்கும், சர்க்கரை அளவு சரியாக இருந்தவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் அடைப்பு இருந்தது. ஆனால் சுவர் இறுகிய தமனி, பட்டையை எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது. விடை 1.3, 1.4 என்று ஏறி வரும். அதைப் பார்த்து 'ரத்த ஓட்டம் பிரமாதம்' என்று திருப்திப்பட்டால் ஏமாந்துபோவோம். அப்போது கால் கட்டைவிரலில் அழுத்தம் பார்ப்பதுதான் சரி.

சர்க்கரைக்கும் குளோத்தோவுக்கும் என்ன தொடர்பு? 2017-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் குழு முதல் வகை நீரிழிவு உள்ளவர்களைச் சோதித்தது. சிறுநீரில் அல்புமின் லேசாகக் கசியத் தொடங்கியவர்களுக்கு, அதாவது சிறுநீரகப் பாதிப்பின் முதல் படியில் இருப்பவர்களுக்கே, குளோத்தோ குறைவாக இருந்தது. சின்ன ஆய்வுதான். வேறு ஆய்வுகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டுவதுமில்லை, அளக்கும் கிட்டுக்கு கிட்டு அளவும் மாறுகிறது. குளோத்தோ குறைவதால் ரத்தக்குழாய் கெடுகிறதா, சிறுநீரகம் கெடுவதால் இரண்டும் நடக்கிறதா என்ற கேள்வியும் மனிதர்களைப் பொறுத்தவரை முடிந்துவிடவில்லை. 2013-ல் வந்த இன்னொரு ஆய்வு எனக்குச் சுவையாகப் பட்டது. இரண்டாம் வகை நீரிழிவும் பிரஷரும் அல்புமின் கசிவும் உள்ளவர்களுக்கு வல்சார்டன் கொடுத்தபோது ரத்தத்தில் குளோத்தோ கூடியது. நம் வீடுகளில் பலர் தினமும் போடும் டெல்மிசார்டனும் அதே குடும்பத்து மாத்திரைதான்.

ஆகவே குளோத்தோ டெஸ்டுக்கு லேப் தேடி அலைய வேண்டாம், சிகிச்சையை முடிவு செய்ய இன்று அது பயன்படாது. 'குளோத்தோ பூஸ்டர்' என்று இணையத்தில் விற்பதை வாங்கவும் வேண்டாம். கேட்க வேண்டியது சிறுநீரில் அல்புமின்–கிரியாட்டினின் விகிதம் என்ற எளிய பரிசோதனையை. ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருந்தால் சரி. 30 முதல் 300 வரை என்றால் கசிவு தொடங்கிவிட்டது. சென்னையில் நடந்த 'க்யூர்ஸ்' ஆய்வில், 2007-ல் வெளியான கணக்குப்படி, சர்க்கரை உள்ளவர்களில் 26.9 சதவீதம் பேர் இந்தக் கட்டத்தில் இருந்தார்கள். ஏறக்குறைய நாலில் ஒருவர். அவர்களில் பலருடைய கிரியாட்டினின் 'நார்மல்' என்றே வந்திருக்கும்.

காலையில் எழுந்ததும் முதலில் போகும் சிறுநீரைக் கொடுப்பது நல்லது. காய்ச்சல், சிறுநீர்த் தொற்று இருக்கும்போது கொடுத்தால் அளவு தப்பாக ஏறும். முந்தைய நாள் மூச்சு வாங்க ஓடியிருந்தாலும் அப்படித்தான். ஒரு தடவை கூடுதலாக வந்தால் பதற வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டிலாவது கூடுதலாக வந்தால்தான் மருத்துவர் அதைக் கசிவு என்று எடுத்துக்கொள்வார்.