நம்பிக்கையின் தடங்கள் – 14: கல்லறைத் தோட்டத்துச் சுவர்

உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய இரவு, கத்தோலிக்கக் கோயில் முற்றத்தில் விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் புது நெருப்பு மூட்டுவார்கள். குருவானவர் பாஸ்கா திரியில் சிலுவை வரைந்து, அந்த ஆண்டின் எண்களைக் கீறி, ஐந்து சாம்பிராணி மணிகளை ஒவ்வொன்றாகப் பதிப்பார். ஐந்தும் ஐந்து காயங்கள்: கைகளில் இரண்டு, கால்களில் இரண்டு, விலாவில் ஒன்று. அதன் பிறகுதான் திரி ஏற்றப்படும். கூட்டத்தில் பின்னால் நிற்பவர்களுக்கு இது கண்ணில் படுவதில்லை. திரி எரிந்து எல்லார் கை மெழுகுவர்த்திக்கும் நெருப்பு வந்து சேரும்போதுதான் விழா தொடங்கியதாக நினைக்கிறோம். ஆனால் விளக்கேற்றும் முன்பே காயத்தைப் பதிக்கச் சொல்லியிருக்கிறது திருச்சபை.

போன வாரம் பெரிய வெள்ளியின் மாலையோடு நிறுத்தியிருந்தோம். கல்லறை வாசலில் கல் உருட்டி வைத்தாகிவிட்டது. இந்த வாரம் அந்தக் கல் புரண்டதைப் பற்றி. எழுந்தது எது என்பதில் நமக்கே ஒரு குழப்பம் இருக்கிறது. முதலில் அதைப் பேசிவிடலாம்.

ஞாயிறுதோறும் விசுவாசப் பிரமாணம் சொல்கிறோம். உடலின் உயிர்ப்பு என்று கத்தோலிக்கரும், சரீரம் உயிர்த்தெழுதல் என்று சீர்திருத்தச் சபையாரும் அறிக்கையிடுகிறோம். ஆனால் இழவு வீட்டில் போய் உட்கார்ந்தால் கேட்கிற பேச்சு வேறு. ஆத்துமா மோட்சத்துக்குப் போய்விட்டது, உடம்பு வெறும் கூடுதானே என்பார்கள். அழுகிற பிள்ளைகளைத் தேற்றச் சொல்வது. அதில் குறை காண மாட்டேன். ஆனாலும் அது அப்போஸ்தலர்களின் நம்பிக்கை இல்லை. ஆத்துமா உயர்ந்தது, உடம்பு அதன் சிறை என்று நினைத்தவர்கள் கிரேக்க ஞானிகள். இங்கிலாந்தின் வேதாகம அறிஞர் என். டி. ரைட் 2003இல் வெளியிட்ட பெரிய நூலில் இதைத்தான் பக்கம் பக்கமாக நிறுவுகிறார்: உயிர்த்தெழுதல் என்று முதல் கிறிஸ்தவர்கள் சொன்னது, செத்த பிறகு ஆவியாக எங்கேயோ வாழ்வதை அன்று, செத்த உடலுக்குக் கடவுள் மறுபடி உயிர் கொடுப்பதை.

நற்செய்திகளைப் படித்துப் பாருங்கள். உயிர்த்தெழுந்த இயேசு செய்வதெல்லாம் உடம்பு உள்ளவர் செய்கிற காரியங்கள். லூக்கா சொல்லும் சம்பவத்தில், சீடர்கள் பேயைக் கண்டதுபோல் மிரண்டு நிற்க, சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று கேட்டு, சுட்ட மீனை அவர்கள் கண்முன்னே வாங்கிச் சாப்பிடுகிறார். யோவானில், திபேரியா கடற்கரையில் விடியற்காலம் கரிநெருப்பு மூட்டி, இரவெல்லாம் வலைவீசிக் களைத்து வந்தவர்களைச் சாப்பிடக் கூப்பிடுகிறார். தோமாவிடம் கையை நீட்டித் தொட்டுப் பார்க்கச் சொல்கிறார். சாவை வென்று வந்த உடலில் ஆணித் தழும்பு இருக்க வேண்டிய தேவை என்ன? கடவுள் நினைத்திருந்தால் மாசுமறுவற்ற மேனியாக எழுப்பியிருக்கலாம். எழுப்பவில்லை. எந்த உடலை அடித்தார்களோ, எதைத் துணியுரித்து ஊருக்கு வெளியே தொங்கவிட்டார்களோ, அதே உடல்தான் எழுந்து வந்தது. ரோமப் பேரரசில் சிலுவை என்பது பெரும்பாலும் அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. ரோமக் குடிமகனுக்குப் பொதுவாக அது கிடையாது. மனிதர்கள் தீண்டத் தகாதது என்று தள்ளிய ஓர் உடலைக் கடவுள் தம்முடையது என்று சொல்லி எழுப்பினார். உயிர்ப்பு நற்செய்தியின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

 

எழுவது உடம்பா ஆத்துமாவா என்ற இதே குழப்பம் கொரிந்து சபைக்கும் வந்தது. கொரிந்து பழைய நகரம், கி.மு. 146இல் ரோமர்கள் அதைத் தரைமட்டமாக்கினார்கள். நூறாண்டு கழித்து, கி.மு. 44இல், ஜூலியஸ் சீசர் மறுபடி நிறுவியபோது அங்கே குடியேறியவர்களில் பலர் விடுதலை பெற்ற அடிமைகள். துறைமுகம், வணிகம், புதுப்பணம் எல்லாம் சேர்ந்த ஊர். ஏறக்குறைய கி.பி. 54 வாக்கில் எபேசுவிலிருந்து பவுல் அவர்களுக்கு எழுதிய கடிதத்தில் 15ஆம் அதிகாரம் முழுக்க, 58 வசனங்களும், உயிர்த்தெழுதல் பற்றித்தான். கிறிஸ்து எழவில்லை என்றால் எங்கள் பிரசங்கமும் வீண், உங்கள் விசுவாசமும் வீண் என்று வாதாடுகிறார். மண்ணில் விழும் விதையைக் காட்டி, விதைக்கிறதும் முளைக்கிறதும் தொடர்புள்ளவைதான், ஆனால் முளைப்பது புது மகிமையோடு முளைக்கிறது என்று விளக்குகிறார்.

இந்த அதிகாரத்தை அடக்க ஆராதனையில் வாசிக்கிறோம். இதற்கு நான்கு அதிகாரங்களுக்கு முன்னால் போவதில்லை. 11ஆம் அதிகாரத்தில் பவுல் கோபத்தோடு பேசுவது வேறு விஷயம்: ஆண்டவரின் பந்திக்குக் கூடும்போது வசதியுள்ளவர்கள் முந்திக்கொண்டு சாப்பிட்டுக் குடிக்கிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு நிற்கிறார்கள். இல்லாதவரை வெட்கப்படுத்துகிறீர்களா என்று கேட்கிறார். உடம்பு ஒரு பொருட்டில்லை என்று நினைக்கிற சபையில்தான் பக்கத்தில் நிற்பவன் பசி கண்ணுக்குத் தெரியாமல் போகும். இரண்டு அதிகாரங்களையும் சேர்த்துப் படித்தால்தான் பவுலின் வாதம் முழுசாகப் பிடிபடும்.

முதல் நூற்றாண்டுகளின் கிறிஸ்தவர்களுக்கு அது பிடிபட்டிருந்தது. 3ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவைக் கொள்ளைநோய் தாக்கியபோது, மற்றவர்கள் சொந்த உறவையே தெருவில் போட்டுவிட்டு ஓட, கிறிஸ்தவர்கள் இறந்தவர்களின் கண்மூடி, குளிப்பாட்டி, தோளில் சுமந்துபோய் அடக்கம் செய்ததை ஆயர் தியோனிசியு தம் கடிதத்தில் எழுதியிருக்கிறார். சுமந்தவர்களில் பலர் அதே நோயில் இறந்தார்கள். 361 முதல் 363 வரை ஆண்ட பேரரசன் ஜூலியன் கிறிஸ்தவத்தை வெறுத்தவன். அவனே ஒரு கடிதத்தில், இந்த மதம் பரவியதற்குக் காரணங்களாக, அந்நியரிடம் அவர்கள் காட்டும் அன்பையும் இறந்தவர்களை அடக்கம் செய்வதில் காட்டும் அக்கறையையும் குறிப்பிடுகிறான். எதிரி கொடுத்த சாட்சி என்பதால் இதன் மதிப்பு கூடுகிறது.

2020 ஏப்ரல் 19, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த ஞாயிறு. தோமா தழும்பைக் காண்கிற பகுதி ஆண்டுதோறும் வாசிக்கப்படும் நாள். அன்று சென்னையில் கொரோனாவுக்குப் பலியான ஒரு கிறிஸ்தவ மருத்துவரை அடக்கம் செய்யக் கொண்டுபோனபோது ஒரு கூட்டம் கல்லாலும் கட்டையாலும் தாக்கி ஆம்புலன்ஸை விரட்டியது. நள்ளிரவில் அவருடைய சக மருத்துவர் ஒருவர் திரும்பி வந்து, மண்வெட்டியாலும் வெறும் கையாலும் மண்ணைத் தள்ளி அவரை அடக்கம் செய்தார். நாடே பதறியது. ஓர் உடலுக்கு மண் மறுக்கப்பட்டது எவ்வளவு பெரிய அநியாயம் என்று சபைகளில் பேசினோம், ஜெபித்தோம். சரிதான். ஆனால் மண் மறுப்பது நமக்கு அதுவரை தெரியாத பாவமா?

திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரைப் பற்றித் தமிழ்நாட்டில் பல பத்தாண்டுகளாகப் பேசியாகிவிட்டது. அதை அகற்றக் கோரிப் போராட்டங்களும் நடந்திருக்கின்றன. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கரின் சவ ஊர்வலத்துக்குத் தனிப் பாதை, தனிக் கல்லறை. 2008 மார்ச்சில் அவர்கள் தனிப் பங்கு கேட்டபோது மூண்ட கலவரத்தில் காவல்துறை சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். அது நோன்புக் காலம், உயிர்ப்புப் பெருவிழாவுக்குச் சில வாரம்தான் இருந்தது. இவை செய்தித்தாளில் வந்தவை. வராத ஊர்கள் ஏராளம். சவத்தைத் தூக்கிப்போகும் தூம்பா மேலத்தெருவுக்கு ஒன்று, காலனிக்கு ஒன்று என்று இருக்கும். முதலாவது கோயிலை ஒட்டிய அறையில் பூட்டுப்போட்டு, வர்ணம் அடித்து, சக்கரத்துக்கு எண்ணெய் விட்டு இருக்கும். மற்றது மழையில் நனைந்து துருப்பிடித்துச் சுவரோரம் சாய்ந்திருக்கும். துக்க மணி இரண்டு வீட்டுக்கும் ஒரே மணிதான். மணியோசை நின்றதும் வழி பிரிந்துவிடும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லும் சமாதானங்கள் எனக்குத் தெரியும். இது பரம்பரை வழக்கம். அவரவர் சொந்தபந்தத்தோடு படுத்திருக்க ஆசைப்படுவது இயல்பு. இதெல்லாம் சமூகப் பிரச்சினை, நற்செய்தியோடு கலக்கக் கூடாது. சொந்தத்தோடு படுப்பது இயல்புதான். ஆனால் ஞானஸ்நானத்துக்குப் பிறகு சொந்தம் யார் என்பதைப் பவுல் நூறு தரம் எழுதிவிட்டார். எழும்பும் நாளில் ஒருவர் கண்விழித்து முதலில் பார்க்கப்போவது பக்கத்துக் குழியில் இருப்பவரைத்தானே? அவர் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று இப்போதே சுவர் வைப்பவர், உடலின் உயிர்ப்பை நம்புகிறேன் என்று எந்த வாயால் சொல்வது? சமூகப் பிரச்சினை என்று ஒதுக்குகிறவர்கள் கொரிந்தியர் கடிதத்தின் 11ஆம் அதிகாரத்தைக் கிழித்தெறிந்துவிட்டுத்தான் 15ஆம் அதிகாரத்தை வாசிக்க முடியும்.

சுவர்கள் இடிக்க முடியாதவை என்றும் சொல்ல வேண்டாம். நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் திருக்குடும்பக் கோயிலின் வரலாறு அதற்குச் சான்று. 1872இல் கட்டி முடித்த அந்தக் கோயிலில் இரண்டு கூடங்கள் கோணமாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒன்றில் வேளாளர், மற்றதில் நாடார். நடுவே சுவர். இருவருக்கும் பீடம் தெரியும், ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. காலாடை போல விரிந்த அதன் அமைப்பைச் சொல்லி வெளியூர்க்காரர்கள் வியந்தார்கள். சாதியைக் கல்லிலேயே கட்டிவிட்டார்கள் என்பதுதான் அதன் பொருள். 1910இல் மறைப்பணியாளர்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். ஊர் இரண்டுபட்டது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. சாதியின் பேரால் கோயிலுக்குள் தனியிடம் கேட்டவர்கள் தோற்றார்கள். இன்று அந்தக் கோயிலில் சுவர் இல்லை. பூசைக்குப் போகிறவர்கள் ஒரே பீடத்தின் முன் நிற்கிறார்கள்.

அதே வடக்கன்குளத்தில்தான் 1745இல் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றார். லாசரு என்ற ஞானஸ்நானப் பெயரைத் தமிழில் தேவசகாயம் என்று வைத்துக்கொண்டார். பெத்தானியாவில் கல்லறையிலிருந்து வெளியே வந்தவனின் பெயர் அது. அரண்மனை அதிகாரியாக இருந்தவர் எல்லாச் சாதியாரோடும் கலந்து பழகியதும் அவர் பட்ட பாடுகளுக்கு ஒரு காரணம். 1752 ஜனவரி 14ஆம் தேதி ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்று, உடலைக் காட்டில் எறிந்தார்கள். சில நாள் கழித்துக் கிறிஸ்தவர்கள் போய் எஞ்சிய எலும்புகளைப் பொறுக்கி வந்து கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 2022 மே 15ஆம் தேதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது சாதிப் பெயர் இல்லாமல் தேவசகாயம் என்றே அறிவித்தார். அவர் படத்தைக் கோயிலில் மாட்டிவிட்டுக் கல்லறையில் சுவரை வைத்திருப்பது அந்த எலும்புகளுக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

உயிர்ப்பு நடந்த இடத்தையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். இயேசுவுக்குச் சொந்தமாக ஒரு குழி இல்லை. அரிமத்தியா யோசேப்பு செல்வந்தர், ஆலோசனைச் சங்கத்து உறுப்பினர். தனக்கென்று பாறையில் வெட்டிவைத்திருந்த புதுக் கல்லறையை, நகருக்கு வெளியே குற்றவாளியாகக் கொல்லப்பட்ட ஒருவரின் உடலுக்குக் கொடுத்தார். பிலாத்துவிடம் தானே போய் உடலைக் கேட்டு வாங்கினார். அந்தஸ்து போகும், தீட்டு ஒட்டும் என்று அவர் தயங்கியிருந்தால் மூன்றாம் நாள் மகதலா மரியா எந்தக் கல்லறைக்குப் போயிருப்பார்? நம் ஆண்டவர் எழுந்தது இன்னொருவர் தனக்கென்று வைத்திருந்து விட்டுக்கொடுத்த இடத்தில்.

ஆகவே இன்றைய விசுவாசிக்கு உயிர்ப்பு என்ன சொல்கிறது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு முதலில் கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பார்க்கச் சொல்கிறேன். குழி ஒதுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? பங்குப் பேரவையிடமும் சபைக் கமிட்டியிடமும்தான். இறந்த தேதி வரிசைப்படி, அடுத்த குழி அடுத்தவருக்கு என்று ஒரே ஒரு விதி எழுதினால் தெருக்கணக்கு அங்கே முடிந்துவிடும். தூம்பா ஒன்று போதும். பழையதை விற்று நல்லதாக ஒன்று வாங்கலாம். சவ ஊர்வலம் எந்த வீட்டிலிருந்து புறப்பட்டாலும் பெரிய தெரு வழியாகக் கோயிலுக்கு வர வேண்டும் என்று பங்குத்தந்தை பலிபீடத்திலிருந்தே அறிவிக்கலாம். எதிர்ப்பு வரும். வடக்கன்குளத்திலும் வந்தது. உயிர்ப்புக் காலம் பெந்தெகொஸ்தே வரை ஐம்பது நாள் நீள்கிறது. ஒரு கூட்டம் கூட்டித் தீர்மானம் எழுதி, ஒரு கொத்தனாரை அழைத்து வர அந்த நாட்கள் போதும்.

(தொடரும்)