எம்.டி.எக்ஸ். சுண்டெலி

எம்.டி.எக்ஸ். சுண்டெலி என்பது டுசென் தசைநார் தேய்வு எனும் பரம்பரை நோயை ஆராய்வதற்கு மிகுதியாகப் பயன்படுத்தப்படும் ஆய்வக விலங்கு ஆகும். பிறக்கும் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் காணப்படுகிறது. நோயுற்ற சிறுவர் பலர் பன்னிரண்டு வயதளவில் நடக்கும் ஆற்றலை இழக்கின்றனர். பின்னர் மூச்சுத் தசைகளும் இதயமும் நலிவடைகின்றன.

கண்டுபிடிப்பு

இச்சுண்டெலி முதலில் மனிதரால் மரபணு மாற்றம் செய்யப்பட்டதன்று, தானாகத் தோன்றியது. எடின்பரோவில் வளர்க்கப்பட்ட சி57பிஎல்/10 எனும் வகையில், குருதியில் தசை நொதிகள் அளவுக்கு மிஞ்சியிருந்த சில எலிகள் கண்டறியப்பட்டு 1984 இல் அறிவிக்கப்பட்டன. குறைபாடு எக்ஸ் நிறப்புரியில் அமைந்திருந்தமையால் இப்பெயர் ஏற்பட்டது.

மனிதரில் இந்நோய்க்குக் காரணமான டிஸ்ட்ரோபின் புரதம் 1987 இல் அடையாளம் காணப்பட்டது. இது தசை நாரின் உட்சட்டகத்தை அதன் மென்சவ்வோடு பிணைக்கிறது. இது இல்லாதபோது தசை சுருங்கும்பொழுது மென்சவ்வு கிழிந்து, கால்சியம் உட்புகுந்து நார் மடிகிறது. எம்.டி.எக்ஸ். எலியின் டிஸ்ட்ரோபின் மரபணுவில் 23 ஆவது எக்சானில் ஒரேயோர் எழுத்து மாறியிருப்பதும், அதனால் புரத ஆக்கம் கால்பங்கைச் சற்றுத் தாண்டியவுடன் நின்றுவிடுவதும் 1989 இல் தெரியவந்தன.

எலிக்கும் மனிதருக்கும் உள்ள வேறுபாடு

குறைபாடு ஒன்றேயாயினும் விளைவு ஒன்றன்று. எலியின் தசைகள் மூன்று வார வயதில் பெருமளவு சிதைந்தாலும் மீண்டும் வளர்ந்துவிடுகின்றன. அது ஏறத்தாழ இரண்டாண்டு வாழ்கிறது. உதரவிதானம் மட்டுமே மனித நோயை ஒத்த வகையில் தொடர்ந்து நலிவதாக 1991 இல் காட்டப்பட்டது. எனவே இவ்வெலியின் கால் தசையில் கிடைக்கும் நற்பலனை மட்டும் கொண்டு ஒரு மருந்தை மதிப்பிடுவது ஏமாற்றமளிக்கக் கூடும்.

இவ்வேறுபாட்டின் காரணத்தை அறியவே மரபணு நீக்கப்பட்ட எலிகள் உருவாக்கப்பட்டன. டிஸ்ட்ரோபினை ஒத்த யூட்ரோபின் எனும் புரதமும் இல்லாத எலிகளை 1997 இல் இரு குழுக்கள் உருவாக்கின. அவை முதுகு வளைந்து, சில மாதங்களிலேயே இறந்தன. நிறப்புரி முனைகளைக் காக்கும் டெலோமரேசு நொதியும் நீக்கப்பட்ட எலிகளில் தசைக் குருத்தணுக்கள் விரைவில் ஓய்ந்து நோய் கடுமையானது 2010 இல் அறியப்பட்டது.

மருத்துவ ஆய்வுகள்

முழு டிஸ்ட்ரோபின் மரபணுக்கூறு சேர்க்கப்பட்ட எம்.டி.எக்ஸ். எலிகளில் நோய் தோன்றாதது 1993 இல் காட்டப்பட்டது. இயல்பைவிட ஏறத்தாழ 50 மடங்கு புரதம் உண்டானபோதும் தீங்கு காணப்படவில்லை. ஆயினும் நோயாளியின் உடலுக்குள் மரபணுவைச் சுமந்து செல்லும் ஏ.ஏ.வி. தீநுண்மத்தில் ஏறத்தாழ 5,000 எழுத்துகளே அடங்கும். டிஸ்ட்ரோபினுக்கோ 11,000 வேண்டும். ஆகவே நடுப்பகுதி பெரிதும் வெட்டப்பட்ட நுண்டிஸ்ட்ரோபின் வடிவமைக்கப்பட்டு, எலிகளில் பலன் தருவது 2002 இல் காட்டப்பட்டது. இவ்வழியில் உருவான ஒரு மரபணு மருந்துக்கு 2023 இல் அமெரிக்காவில் விரைவு ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு வெளியான பெரிய சோதனையில் முதன்மை இலக்கு எட்டப்படவில்லை. நடக்கவியலா நிலையில் அதைப் பெற்ற இருவர் கல்லீரல் செயலிழந்து இறந்ததும் 2025 இல் தெரியவந்தது.

எக்சான் தாண்டல் மருந்துகள் மனித மரபணுவின் எழுத்துவரிசையையே நாடுவதால், அவற்றைச் சோதிக்க மனித டிஸ்ட்ரோபின் மரபணு முழுவதையும் தாங்கிய எலிகள் தனியே உருவாக்கப்பட்டுள்ளன.