ஏக்கருக்கு விதை எவ்வளவு?

தமிழ்நாட்டின் தென்பகுதியில் நிலத்தின் விஸ்தீரணத்தையே விதையின் அளவைக் கொண்டு குறிப்பிடும் வழக்கம் நெடுங்காலம் இருந்து வந்தது. ஒரு கோட்டை நெல் விதைக்கத்தக்க நிலம் ‘ஒரு கோட்டை விதைப்பாடு’ எனப்பட்டது. நிலமும் விதையும் ஒன்றையொன்று அளந்த காலம் அது. அக்கணக்கு அந்தந்த ஊரின் மண்ணுக்கும், அக்காலத்து நெல்லுக்கும், அப்போதைய விதைப்பு முறைக்கும் பொருந்தியிருந்தது. இப்பொழுதோ நிலம் ஹெக்டேர், ஏர் கணக்கில் பதிவாகியிருக்கின்றது. நெல் ரகங்கள் மாறிவிட்டன. நடவு முறைகளும் பலவாகிவிட்டன. ஆயினும், “இந்த வயலுக்கு வழக்கமாக இத்தனை மூட்டை” என்னும் பழைய மதிப்பு மட்டும் பல கிராமங்களில் மாறாமல் நிற்கின்றது.

இதனால் இருவகை நஷ்டம் உண்டாகின்றது. நெல்லில், 16 கிலோ போதுமான ஏக்கருக்கு 30, 40 கிலோ விதையை நாற்றங்காலில் விடுவோர் உளர். நிலக்கடலையில் இதற்கு நேர்மாறாக, விதையின் விலைக்கு அஞ்சி அளவைக் குறைத்து, பயிரில் இடைவெளி விழுந்தபின் வருந்துவோர் உளர். முன்னவர் விதையை இழக்கின்றார்; பின்னவர் பருவத்தையே இழக்கின்றார். இவ்விரண்டையும் தவிர்க்கப் பெரிய படிப்பு ஒன்றும் வேண்டியதில்லை. பெருக்கலும் வகுத்தலும் அறிந்த எவரும் தமது நிலத்துக்கு வேண்டிய விதையைத் தாமே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

கணக்கின் அடிப்படை

விதையளவை நிர்ணயிப்பவை ஐந்து. முதலாவது, உண்மையில் பயிராகும் நிலத்தின் பரப்பு. இரண்டாவது, அப்பரப்பில் நிற்கவேண்டிய செடிகளின் எண்ணிக்கை. மூன்றாவது, விதையின் எடை. அதாவது 1,000 மணியின் நிறை. நான்காவது, விதையின் முளைப்புத் திறன். ஐந்தாவது, முளைத்த பின்னரும் பறவை, பூச்சி, வறட்சி, நாற்றுப் பறிப்பு ஆகியவற்றால் நேரும் சேதம்.

பட்டாவில் கண்ட பரப்பு முழுவதும் பயிராவதில்லை. வரப்பு, வாய்க்கால், கிணற்றுமேடு, பாறை, மரநிழல் ஆகியவற்றைக் கழித்த பரப்பே விதைக்கணக்குக்கு உரியது. ஓர் ஏக்கர் என்பது 100 சென்ட். சதுர மீட்டரில் சுமார் 4,047. ஒரு ஹெக்டேர் சுமார் 2 ஏக்கர் 47 சென்ட். ஒரு சென்ட் ஏறக்குறைய 40 சதுர மீட்டர் என்று நினைவில் கொண்டால் கணக்கு எளிதாகும்.

1,000 மணியின் எடையை அறிய, மூட்டையிலிருந்து எடுத்த விதையைப் பொறுக்கிப் பாராமல் வந்தபடியே எண்ணி, நுண்ணிய தராசில் நிறுக்க வேண்டும். பருமணிகளை மட்டும் தேர்ந்து எண்ணினால் கணக்குப் பிழைபடும். சன்ன ரக நெல்லில் 1,000 மணி சுமார் 16 கிராமும், நடுத்தர ரகத்தில் சுமார் 20 கிராமும், பருமனான ரகத்தில் சுமார் 24 கிராமும் இருக்கும். அதாவது, ஒரு கிலோவில் சன்ன நெல் 62,500 மணியும், நடுத்தர நெல் 50,000 மணியும், பருநெல் 41,600 மணியும் அடங்கும். ஒரே அளவு விதை எல்லா ரகத்துக்கும் பொருந்தாது என்பது இதனாலேயே விளங்கும்.

நடவு நெல்லுக்குரிய கணக்கு

மத்திய கால ரகம் ஒன்றை 20 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் நடுவதாக வைத்துக்கொள்வோம். சதுர மீட்டருக்குக் குத்துகள் 50. ஏக்கருக்குச் சுமார் 2 லட்சம் குத்துகள். குத்துக்கு 2 நாற்று வீதம் 4 லட்சம் நாற்றுகள் வேண்டும். நடுத்தர நெல்லானால் கணக்கு பின்வருமாறு அமையும்:

4 லட்சம் மணிக்கு எடை: 8 கிலோ.
முளைப்பு நூற்றுக்கு 80 ஆனால் வேண்டுவது: 10 கிலோ.
நாற்றங்காலிலும் பறிப்பிலும் நான்கில் ஒரு பங்கு சேதமானால் வேண்டுவது: 13 கிலோவும் சிறிது மிகையும்.

இதே கணக்கில் சன்ன நெல்லுக்கு 10½ கிலோவுக்குச் சற்று மேலும், பருநெல்லுக்கு 16 கிலோவும் வரும். மத்திய கால ரகங்களுக்கு ஹெக்டேருக்கு 40 கிலோ, அதாவது ஏக்கருக்கு 16 கிலோ, என்பது தமிழ்நாட்டில் சிபாரிசு செய்யப்படும் அளவு. மேற்கண்ட மூவகை நெல்லுக்கும் இவ்வளவு போதுமானதாயிருப்பதைக் காணலாம். குறுகிய கால ரகங்கள் தூர் கட்டுவதற்குக் கிடைக்கும் நாள் குறைவாதலின், அவற்றை நெருக்கி நடவேண்டியிருக்கின்றது. ஆகையால் ஹெக்டேருக்கு 60 கிலோ சிபாரிசு. நீண்ட கால ரகங்களுக்கு 30 கிலோவே போதும்.

விதை மிகுந்தால் வரும் தீங்கு

“விதை சற்று அதிகமானால் கேடென்ன? குறைந்தால்தானே ஆபத்து?” என்று பலர் கருதுவர். பறவையும் மழையும் எவ்வளவு கொண்டுபோகும் என்று முன்னதாக எவர்க்கும் தெரியாதாகையால், அவ்வெண்ணத்தில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும், நான்கில் ஒரு பங்கு சேதம் மேற்கண்ட கணக்கிலேயே அடங்கியிருக்கின்றது. அதற்கு மேல் இடும் விதை பயிரைக் காப்பதில்லை, நாற்றையே கெடுக்கின்றது.

ஏக்கர் நடவுக்கு 8 சென்ட் நாற்றங்கால் போதும். அதில் 16 கிலோ விதைத்தால் சென்டுக்கு 2 கிலோ ஆகின்றது. நடுத்தர நெல்லானால் ஒவ்வொரு மணிக்கும் 4 சதுர சென்டிமீட்டர் இடம் கிடைக்கின்றது. அதே இடத்தில் 40 கிலோ விட்டால் மணிக்குக் கிடைப்பது 1½ சதுர சென்டிமீட்டருக்குச் சற்று மேல் மட்டுமே. வெளிச்சத்துக்குப் போட்டியிட்டு நாற்றுகள் நெட்டையாயும் மெலிந்தும் வளரும். வேர்கள் ஒன்றோடொன்று பின்னிப் பறிக்கும்போது அறுபடும். அத்தகைய நாற்று நட்ட வயலில் பச்சை பிடிக்க நாள் அதிகம் எடுக்கும். அன்றியும், நாற்று மிகுதியாய் இருப்பதைக் காணும் நடவாட்கள் குத்துக்கு 5, 6 என்று நடுவர். குத்துக்குள்ளேயே பயிர்கள் ஒன்றையொன்று நெருக்கித் தூர் கட்டுவதைத் தடுக்கும். “கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும்” என்னும் பழமொழி இதையே குறிக்கின்றது.

இவ்வுண்மை புதிதன்று. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சென்னை மாகாணத்தில் ஒற்றை நாற்று நடவு பரப்பப்பட்டது. அண்மைக் காலத்தில் பரவியுள்ள திருந்திய நெல் சாகுபடியும் அக்கருத்தையே தழுவியது. அதில் இடைவெளி 25 சென்டிமீட்டர் சதுரம். குத்துக்கு ஒரே நாற்று. ஏக்கருக்குச் சுமார் 65,000 குத்துகளே ஆவதால், நடுத்தர நெல்லில் 1,300 கிராம் எடையுள்ள மணிகளிலேயே அத்தனை நாற்றும் அடங்கிவிடும். முளைப்புக் குறைவுக்கும் சேதத்துக்கும் இடம் விட்டு ஏக்கருக்கு 3 கிலோ சிபாரிசு செய்யப்படுகின்றது. ஆனால் இம்முறைக்கு இளநாற்றும், சமன் செய்த வயலும், நீரைக் கட்டுப்படுத்தும் வசதியும், காலத்தில் களையெடுப்பும் இன்றியமையாதவை. அவை இல்லாத பள்ளக்காலில் விதையை மட்டும் குறைப்பது விவேகமன்று.

புழுதியில் நேரடியாக விதைக்கும் நெல்லுக்குக் கணக்கு வேறு. ஏக்கருக்கு 30 முதல் 40 கிலோ வரை இடுவது அங்கு வீண் அன்று. 30 கிலோவில் சதுர மீட்டருக்குச் சுமார் 370 மணி விழுகின்றது; எனினும் எறும்பு, பறவை, மேலாக விழுந்து உலர்தல், மழை தாமதித்தல் ஆகியவற்றுக்குத் தப்பி நிலைப்பவை அவற்றுள் ஒரு பங்கே. நாற்றைத் தேர்ந்து நடும் வாய்ப்பும் அங்கு இல்லை.

நிலக்கடலையில் கவனிக்க வேண்டுவது

நெல் தூர் கட்டி இடைவெளியை ஓரளவு நிரப்பிக்கொள்ளும். கொத்துக்கடலைக்கு அச்சக்தி மிகக் குறைவு. ஆகையால் இங்குச் செடியின் எண்ணிக்கையே மகசூலைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றது. 30-க்கு 10 சென்டிமீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 1 லட்சத்து 35 ஆயிரம் செடிகள் நிற்க வேண்டும். 100 பருப்பு 35 கிராம் எடையுள்ள ரகமானால், அத்தனை பருப்புக்கு எடை 47¼ கிலோ. முளைப்பு 90 ஆனால் 52½ கிலோவும், முளைப்பு 70 ஆனால் 67½ கிலோவும் வேண்டும். 100 பருப்பு 45 கிராம் எடையுள்ள பெருபருப்பு ரகத்துக்கு, முளைப்பு 90 இருப்பினும் 67½ கிலோ தேவை. பருப்பின் பங்கு நூற்றுக்கு 70 என்று கொண்டால், 52½ கிலோ பருப்புக்கு 75 கிலோ காய் உடைக்க வேண்டியிருக்கும். உடைந்ததும் சுருங்கியதும் கழிவதற்கு இதற்கு மேலும் சிறிது வேண்டும்.

முளைப்பை அறியாமல் விதைப்பதன் விளைவை இக்கணக்கே காட்டுகின்றது. 35 கிராம் ரகத்தில் 52½ கிலோ என்பது 1½ லட்சம் பருப்பு. முளைப்பு 90 என்று நம்பி விதைத்தது 70-ஆக இருந்துவிட்டால் நிற்பது 1 லட்சத்து 5 ஆயிரம் செடிகளே. 30,000 செடிகளின் இடம் வெறுமையாய்க் கிடக்கும். இறவையில் உடனே போக்கிடம் நிரப்பலாம். மானாவாரியிலோ, இடைவெளி கண்ணுக்குத் தெரியும் நாளில் மண்ணின் ஈரம் போய்விடும். அடுத்த மழைக்குப் பின் இட்ட விதை முன் முளைத்த பயிரோடு முற்றாது. உழவு, எரு, களையெடுப்பு ஆகிய செலவுகள் எவ்விதத்திலும் குறையாமல், காய் மட்டும் குறையும்.

கடலைப் பருப்பு உடைத்து வைத்த பின் விரைவில் முளைப்பை இழக்கும். ஆகையால் விதையைக் காயாகவே காப்பாற்றி, விதைப்புக்குச் சற்று முன்னர்க் கையால் உடைப்பது நலம். ஏர்ச்சாலில் பருப்பு இடும்போது, 10 மீட்டர் நீளமுள்ள சாலில் 100 பருப்பு விழுகின்றதா என்று தொடக்கத்திலேயே எண்ணிப் பார்த்து, இடுபவரின் கையைத் திருத்திக்கொள்ளலாம்.

முளைப்பைப் பரீட்சித்தல்

மேற்கண்ட கணக்குகள் யாவும் முளைப்பு நூற்றுக்கு எத்தனை என்பதையே பொறுத்திருக்கின்றன. 1966-ஆம் வருஷத்து விதைச் சட்டத்தின்கீழ் சான்று விதைக்குரிய குறைந்த அளவு முளைப்பு நெல்லுக்கு 80, நிலக்கடலைக்கு 70. சான்று விதைக்கு நீலச் சீட்டும், ஆதார விதைக்கு வெள்ளைச் சீட்டும் கட்டப்பட்டிருக்கும். சீட்டில் கண்ட பரீட்சைத் தேதியும் செல்லுங்காலமும் வாங்குமுன் கவனிக்கத்தக்கவை.

சொந்த விதையானால் வீட்டிலேயே பரீட்சிக்கலாம். ஒவ்வொரு மூட்டையிலும் மேலும் நடுவும் அடியும் விதை எடுத்துக் கலந்து, அதிலிருந்து நூறு நூறாக நான்கு பாகம் எண்ண வேண்டும். நெல்லை நனைத்துப் பிழிந்த துணியில் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்கலாம். கடலையை ஈரமணல் நிரப்பிய தட்டில் ஊன்றலாம். ஈரம் காயாமலும் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெல்லை 14-ஆம் நாளும், கடலையை 10-ஆம் நாளும் இறுதியாக எண்ண வேண்டும். வேரும் குருத்தும் செவ்வையாய் வந்தவற்றையே முளைத்தனவாகக் கொள்ள வேண்டும்; வெறும் முனை வெடித்தவை கணக்கில் சேரா. நான்கு பாகத்தின் சராசரியே முளைப்புத் திறன். அறுவடையான உடனே பரீட்சித்தால் சில நெல் ரகங்களும் கொடிக்கடலையும் விதையுறக்கத்தினால் குறைவாக முளைக்கும். அதைக் கண்டு விதை கெட்டதென்று தள்ளலாகாது. சில வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.

விதை நெல்லை உப்பு நீரிலிட்டு மிதப்பவற்றை நீக்குவதும் நன்மை தரும். நல்ல கோழிமுட்டை ஒரு நாணய அளவு மேலே தெரியும்படி மிதக்கும் வரையில் நீரில் உப்பைக் கரைக்க வேண்டும். அதில் அடங்கிய கனத்த மணிகளை இரண்டு மூன்று முறை நல்ல நீரில் கழுவி விதைக்கலாம். மிதந்து கழியும் பங்குக்கு ஏற்ப விதையை முன்னதாகவே கூட்டி எடுத்துக்கொள்ள வேண்டும்.

கிராமத்துக்கு வேண்டிய மொத்த விதை

இக்கணக்கு தனி நிலத்துக்கு மட்டுமன்றி, கிராமத்துக்கும் உதவும். 200 ஏக்கர் சம்பா நடவுள்ள கிராமத்துக்கு ஏக்கருக்கு 16 கிலோ வீதம் வேண்டுவது 3,200 கிலோ. 40 கிலோ வீதம் கேட்டால் 8,000 கிலோ ஆகின்றது. வித்தியாசமான 4,800 கிலோ இன்னும் 300 ஏக்கருக்குப் போதுமான விதையாகும். மேட்டூர் அணையில் நீர் திறந்ததும் டெல்டா முழுவதும் ஒரே சமயத்தில் விதை தேடுகின்றது. முதலில் வந்தோர் மிகையாக எடுத்துச் சென்றால், கடைமடைக் குடியானவருக்கு எஞ்சுவது தரமறியாத விதையே. ஆகையால் கிராம அலுவலர்கள் அடங்கலில் கண்ட சென்ற வருஷத்துச் சாகுபடிப் பரப்பை ரகவாரியாகப் பிரித்து, மேற்சொன்ன வீதத்தில் பெருக்கி, பருவத்துக்கு முன்னரே விதைத் தேவையைத் தெரிவித்தால் பெரிதும் பயன்படும்.

விதைப்பு முடிந்தபின் கணக்கைச் சரிபார்ப்பதும் எளிது. ஒரு மீட்டர் பக்கமுள்ள சதுரச் சட்டம் ஒன்றைக் குச்சிகளால் கட்டி, வயலில் ஐந்தாறு இடங்களில் வைத்துக் குத்துகளையும் செடிகளையும் எண்ண வேண்டும். 20-க்கு 10 நடவில் 50 குத்தும், 30-க்கு 10 கடலையில் 33 செடியும் இருத்தல் வேண்டும். கண்ட எண்ணையும், இட்ட விதையையும், ரகத்தின் பெயரையும், மகசூலையும் ஒரு புத்தகத்தில் எழுதி வைத்தால், அந்நிலத்தில் உண்மையில் நேரும் சேதம் எவ்வளவு என்பது சில பருவங்களில் தெளிவாகும். அதன்பின் நான்கில் ஒரு பங்கு என்னும் பொது மதிப்புக்குப் பதிலாக, அவரவர் வயலின் சொந்த மதிப்பையே கணக்கில் வைத்துக்கொள்ளலாம்.