கணவர் கம்பெனியின் கடனுக்கு மனைவியின் தொழில் பொறுப்பா?

கணவரின் கம்பெனி நொடித்துப்போனால், கடன் கொடுத்தவர்கள் மனைவி நடத்தும் தையல் யூனிட் வாசலில் வந்து நிற்பது வழக்கமாகிவிட்டது. "அவரைப் பிடிக்க முடியலை, நீங்க குடுங்கம்மா" என்பார்கள். அக்கம்பக்கம் பார்க்கிறதே என்று நகையை அடகு வைத்துக் கொடுத்துவிடுகிறார்கள் பெண்கள். அதற்கு முன் கடன் பத்திரத்தின் நகலைக் கேளுங்கள். அதில் உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

இல்லையென்றால், மனைவி என்ற ஒரே காரணத்துக்காக அந்தக் கடனை உங்களிடம் வசூலிக்கச் சட்டத்தில் இடமில்லை. மனைவியின் கடன் கணவரிடம் வந்தாலும் இதே நியாயம்தான். உங்கள் வருமானத்தில் வாங்கிய மெஷினும் உங்கள் சீதனமும் உங்களுடையவை. கணவர் மீதான தீர்ப்பைக் காட்டி அவற்றை ஜப்தி செய்தால், ஏலம் நடக்கும் முன்பே உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 58-இன்படி ஆட்சேபம் தாக்கல் செய்யலாம். அப்போது கைகொடுப்பவை பில்லும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். இரண்டு தொழிலின் பணத்தையும் ஒரே கணக்கில் புழங்கவிட்டவர்கள் இங்கேதான் தடுமாறுகிறார்கள்.

கூட்டுக் கணக்கிலிருந்து கணவர் மட்டும் கையெழுத்திட்ட செக் திரும்பினாலும், கையெழுத்திடாத மனைவி மீது செக் மோசடி வழக்கு நிற்காது. அபர்ணா ஷா வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் கடன் முற்றிய பிறகு, கொடுத்தவர்களை ஏமாற்ற வீட்டை மனைவி பெயருக்கு மாற்றினால் அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் செல்லாததாக்கலாம்.

கையெழுத்து இருந்தால் கதை வேறு. "சும்மா ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லி வாங்கப்படும் ஜாமீன் கையெழுத்துதான் பல குடும்பங்களை நடுத்தெருவுக்குக் கொண்டுவருகிறது. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆம் பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாகச் சொல்லாத வரை, கடன் வாங்கியவருக்கு உள்ள அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும் உண்டு. வங்கி முதலில் கம்பெனியைத்தான் துரத்த வேண்டும் என்பதில்லை. ஓவர்டிராஃப்ட் போலத் தொடர்ந்து எடுக்கும் கடனுக்குப் போட்ட ஜாமீனை, எழுத்து மூலம் அறிவித்து, இனி எடுக்கப்போகும் தொகைக்கு நிறுத்திக்கொள்ள முடியும். ஏற்கெனவே எடுத்தது உங்கள் தலையில்தான். நீங்கள் கட்டினால், கம்பெனியிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

என்னை அதிகம் கவலைப்பட வைப்பது, மனைவி பெயரில் ஜிஎஸ்டி எடுத்துக் கணவர் நடத்தும் தொழில்கள். தனி உரிமையாளர் தொழிலில் தொழிலுக்கும் ஆளுக்கும் சட்டம் வேறுபாடு பார்ப்பதில்லை. சரக்குக் கடனும் வரிப் பாக்கியும் மனைவியின் சொந்தக் கடன்களே. கூட்டாளி என்றாலும் இதே கதிதான். விலகும்போது பதிவாளருக்கும் அரசிதழிலும் உள்ளூர் நாளிதழிலும் அறிவிப்பு கொடுக்காவிட்டால், பின்னால் வாங்கும் கடனும் உங்களைத் துரத்தலாம்.

அடமானச் சொத்துக்கு வங்கி 60 நாள் நோட்டீஸ் அனுப்பினால் மேசையில் போட்டு வைக்காதீர்கள். எழுத்தில் ஆட்சேபம் அனுப்பினால் வங்கி 15 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொத்தைக் கையகப்படுத்த நடவடிக்கை எடுத்தால், 45 நாளுக்குள் கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னை, கோவை, மதுரையில் இருக்கிறது. வக்கீலுக்குப் பணமில்லையென்றால் 15100-ஐ அழையுங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு.