மறதியா, நடிப்பா?

தலையில் அடிபட்ட ஒருவர், "எனக்கு எதுவுமே நினைவில் நிற்பதில்லை" என்கிறார். கையெலும்பு முறிந்திருந்தால் எக்ஸ்ரே படம் காட்டிவிடும். நினைவாற்றல் முறிந்திருப்பதை எந்தப் படம் காட்டும்? மூளையின் படத்தில் எந்தக் குறையும் தெரியாவிட்டாலும் மெய்யாகவே மறதியால் அவதிப்படுவோர் உண்டு. நஷ்டஈடு பெறவோ, தண்டனைக்குத் தப்பவோ மறதியை நடிப்பவர்களும் உண்டு. இருவரையும் எப்படிப் பிரித்தறிவது?

ஸ்விட்சர்லாந்து உளவியலாளர் ஆந்த்ரே ரே 1964-இல் வெளியிட்ட சோதனையைப் பாருங்கள். ஓர் அட்டையில் 15 குறிகள். அதைப் பத்து விநாடி காட்டி மறைத்துவிட்டு, நினைவிலிருந்து எழுதச் சொல்வார்கள். பதினைந்தா என்று மலைக்க வேண்டாம். ஏ, பி, சி பெரிய எழுத்தில். அவையே சிறிய எழுத்தில். 1, 2, 3. அவையே ரோமன் எண்களில். பிறகு வட்டம், சதுரம், முக்கோணம். அவ்வளவுதான்! நினைவில் வைக்க வேண்டியவை ஐந்து தொகுதிகளே. மூளைக் காயம் அடைந்தவர்களிலும் பெரும்பாலோர் ஒன்பதுக்குக் குறையாமல் எழுதிவிடுகிறார்கள். நடிப்பவரோ இதைக் கடினமான சோதனை என்று நம்பி, நான்கைந்தோடு நிறுத்திக்கொள்ளக்கூடும். நோயாளி எங்கே தடுமாறுவார் என்பது அவருக்குத் தெரியாது. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்துகொண்ட ஹென்றி மோலைசன், அதன்பின் புதிதாக எதையும் நினைவில் பதிக்க முடியாமல் வாழ்ந்தார். ஆனால் அவரிடம் சில இலக்கங்களைச் சொன்னால், உடனே தடையின்றித் திருப்பிச் சொல்லிவிடுவார்!

இதைவிடச் சுவையானது, கணிதத்தின் துணைகொண்ட முறை. அமெரிக்கரான லோரன் பாங்கரட்சும் அவரது உடன் பணியாளர்களும் 1975-இல் காது கேட்கவில்லை என்பவர்களைச் சோதிக்க இதைக் கையாண்டார்கள். பின்னர் நினைவாற்றலுக்கும் அது பயன்பட்டது. முதலில் பல படங்களைக் காட்டுவார்கள். பிறகு இரண்டிரண்டு படங்களாக வைத்து, "முன்பு பார்த்தது எது?" என்று கேட்பார்கள். துளியும் நினைவில்லாதவர் என்ன செய்வார்? காசு சுண்டுவதுபோல் ஏதாவதொன்றைத் தொடுவார். 100 கேள்விகளில் ஏறக்குறைய 50 தாமாகவே சரியாகிவிடும். ஒருவர் 30 மட்டுமே சரியாகச் சொன்னால்? தற்செயலாக 30 அல்லது அதற்குக் குறைவாக வர, நிகழ்தகவு லட்சத்தில் நான்குதான். அத்தனை தவறுகள் செய்ய வேண்டுமானால், சரியான விடை தெரிந்திருக்க வேண்டுமல்லவா!

கெட்டிக்கார நடிகர் 50-ஐ ஒட்டியே நிற்பார். அவருக்காகவே டாம் டாம்பா 1996-இல் 50 படங்கள் கொண்ட சோதனையை வெளியிட்டார். பார்வைக்குக் கடினம், உண்மையில் எளிது. மூளைக் காயம் உள்ளவர்களிலும் பலர் இரண்டாம் சுற்றில் 45-க்கு மேல் பெறுகிறார்கள். அதற்குக் கீழே போனால் ஐயம் எழுகிறது.

ஐயம்தான், தீர்ப்பு அல்ல. முதுமை மறதி நோய் முற்றியவர் நேர்மையாகவே 45-க்குக் கீழே பெறலாம். எனவே ஒரே சோதனையை நம்பாமல், பல சோதனைகளையும் அன்றாட நடத்தையையும் சேர்த்தே பார்க்கிறார்கள். நியூயார்க் குற்றக் கும்பல் தலைவன் வின்சென்ட் ஜிகாண்டே, அங்கியோடு தெருவில் முணுமுணுத்தபடி அலைந்து மனநோயாளியாக நடித்தான். மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். 1997-இல் தண்டிக்கப்பட்ட அவன், 2003-இல்தான் நீதிமன்றத்தில் அதை ஒப்புக்கொண்டான். இப்படி ஒருவன் ஏமாற்றிவிடுவதைக் காட்டிலும், மெய்யான நோயாளி பொய்யர் என்று முத்திரை குத்தப்படுவதே கொடியது என்பேன். சிகிச்சை, நஷ்டஈடு இரண்டையும் இழந்து நிற்பவர் அவர்தானே?

நீங்களே செய்து பாருங்கள். நாற்பது படங்களை வெட்டி எடுத்து, இருபதை மட்டும் நண்பனுக்குக் காட்டுங்கள். "எல்லாம் மறந்துவிட்டதாக நடி" என்று சொல்லி, பார்த்த படம் ஒன்று, பார்க்காத படம் ஒன்று என்று இருபது முறை கேளுங்கள். சரியானவை ஐந்து அல்லது அதற்குக் குறைவு என்றால், தற்செயலாக அப்படி நேர வாய்ப்பு நூற்றில் இரண்டே.